மலைநாட்டுக் குளிரில் வீட்டுக்கோழி: கூடு கட்டுவது முதல் பனி மாதங்களைக் கடப்பது வரை

நுவரெலியாவில் ஜனவரி விடியலில் சில நாட்கள் புல்நுனியெல்லாம் வெண்பனி உறைந்து கிடக்கும். அந்தக் குளிரில்கூட, இறகு காய்ந்திருக்கும் வளர்ந்த கோழி சாவதில்லை. அதே கோழியை ஆடி மழையில் கூரை ஒழுகும் கூட்டில், சேறான தரையில், கண்ணைக் கரிக்கும் எச்ச நெடிக்குள் சில நாட்கள் அடைத்து வையுங்கள். சளி பிடித்துத் தலை தொங்கிவிடும். அப்போது வெளியே வெறும் 15, 16 பாகைக் குளிர்தான் இருக்கும். ஆகவே கூட்டை எப்படிச் சூடாக்குவது என்று கேட்டு வருகிறவர்களிடம், கூடு காய்ந்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இருக்கும்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறகுகளுக்கிடையே தங்கும் காற்றுதான் அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இறகு நனைந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்று போய்விடும். சூடும் உடனே போய்விடும். பலத்த காற்று இறகைக் கலைத்தாலும் இதே கதைதான். 18 முதல் 24 பாகை வரை கோழிக்குச் சுகமான வெப்பநிலை. அதற்குக் கீழே போனால் கூடுதலாகத் தின்று சமாளிக்கும். நம் மலைகளின் குளிர் அந்தச் சமாளிப்புக்குள் அடங்கியதுதான்.

கனடாவில் உறவினர் இருக்கும் குடும்பங்களுக்கு அங்கிருந்து வரும் ஆலோசனைகளும் உண்டு. வெப்ப விளக்கு மாட்டு, கூட்டைச் சுற்றி அடை, கொண்டையில் வாசலின் தடவு என்பார்கள். அவர்கள் ஊரில் பனிக்காலம் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும். குடிக்கும் நீர் கட்டியாக உறையும். கொண்டையும் விரல் நுனியும் உறைந்து கறுத்துப்போகும். டொரன்டோவில் டிசம்பர் மாதத்துப் பகல் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அதனால் கோழி முட்டையிடுவதையே நிறுத்திவிடும். இங்கே நிலைமை வேறு. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நீர் உறைவதில்லை. நம்முடைய தொல்லை மாதக்கணக்கில் நீளும் மழை, மூடுபனி, காற்று. ஆனாலும் அங்கே அனுபவமுள்ள கோழிக்காரர்கள் சொல்லும் ஒன்று நமக்கும் அப்படியே பொருந்தும்: கூட்டின் மேற்புறம் காற்றோட்டம் இல்லாவிட்டால் வேறு எது செய்தும் பயனில்லை.

உங்கள் மலை எந்தப் பக்கம்?

கூடு கட்டும் முன்பும் குஞ்சு வாங்கும் முன்பும் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ போன்ற மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. இங்கே கோழிக்குக் கெட்ட மாதங்கள் ஜூனும் ஜூலையும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை என்று ஊவாப் பக்கம் போனால் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த பலத்த காற்று. நுவரெலியா, கந்தப்பளை, ராகலை போன்ற உச்சிப் பகுதிகளுக்கு இரண்டு பருவத்திலும் பங்கு உண்டு. அத்துடன் ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் தரைப்பனி விழும். தேயிலைக் கொழுந்தையே கருக்கும் பனி அது.

வளரும் கோழி தன் மலையின் கெட்ட மாதங்களுக்குள் முழு இறகோடு நுழைய வேண்டும். ஒரு நாள் குஞ்சு முழு இறகு கட்ட 6 முதல் 8 வாரங்கள் பிடிக்கும். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ குஞ்சு எடுத்தால், மே மழைக்கு முன் இறகு முற்றிவிடும். முட்டை இனமாக இருந்தால் ஓகஸ்ட் வாக்கில் முட்டையிடத் தொடங்கும். ஊவாப் பக்கத்தவர்கள் ஜூன், ஜூலையில் எடுக்கலாம், காற்றை மறைத்தால் போதும். நுவரெலியா உயரத்தில் ஏப்ரல்தான் மிகவும் நல்ல மாதம். புத்தாண்டுக்குச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து பரிசாகக் குஞ்சு வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கோழி?

நாட்டுக்கோழி மலைக்கு நன்றாகப் பழகும், நோயையும் ஓரளவு தாங்கும், அடைகாக்கும். முட்டை மட்டும் ஆண்டுக்கு நூறைத் தாண்டுவது அரிது. ஷேவர் பிரவுன் போன்ற கலப்பின முட்டைக்கோழி நல்ல தீனியிலும் பராமரிப்பிலும் ஆண்டுக்கு 300 முட்டை வரை தரக்கூடியது. ஆனால் ஈரக் கூட்டில் முதலில் விழுவதும் அதுதான். பத்துக் கோழி வளர்க்கிறவர் ஆறு கலப்பினமும் நான்கு நாட்டுக்கோழியும் என்று கலந்து வைப்பது என் விருப்பம்; முட்டைக்கும் வழியுண்டு, அடைக்கும் வழியுண்டு.

நாட்டுக்கோழிகளிலேயே இரண்டு வகையை மலைக்கு எடுக்காதீர்கள். ஒன்று மொட்டைக்கழுத்துக் கோழி, மற்றது இறகு சுருண்டு நிற்கும் கோழி. இரண்டும் வெப்பமான தாழ்நிலத்தில் கெட்டிக்காரக் கோழிகள். உடல் சூட்டை எளிதாக வெளியேற்றும் அந்தக் குணமே இங்கே அவற்றுக்கு எதிரி. சேவல் தெரிவு செய்யும்போது பெரிய தனிக்கொண்டையைவிடத் தலையோடு ஒட்டிய சிறிய கொண்டை மேல்.

குருநாகல், புத்தளம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வளர்ந்த பெட்டைக்கோழிகளைக் கொண்டுவந்து விற்கும் வியாபாரிகள் உண்டு. முப்பது பாகையில் வளர்ந்த கோழியை ஜூலை மழையில் லொறியிலிருந்து இறக்கி உங்கள் கூட்டில் விட்டால் அது திகைத்துப்போகும். காய்ந்த மாதத்தில் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் பழைய கோழிகளோடு சேர்க்காமல் தனியே வைத்துப் பாருங்கள். சளி, பேன், கழிச்சல் எல்லாம் பெரும்பாலும் இப்படிப் புதிதாக வரும் கோழியோடுதான் வீட்டுக்குள் நுழைகின்றன.

கூட்டுக்கு இடம்

பள்ளத்தின் அடியில் கூடு வைக்காதீர்கள். மேகமில்லாத அமைதியான இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து அடியில் தேங்கும். பனி முதலில் படிவதும் மூடுபனி கடைசியில் விலகுவதும் அங்கேதான். சரிவின் நடுப்பகுதி நல்லது. மண்மேட்டை ஒட்டியும் வேண்டாம். மழையில் மேடு சரிந்து விழும் ஆபத்து ஒருபுறம்; மேட்டிலிருந்து கசியும் நீர் ஆண்டு முழுக்கக் கூட்டின் தரையை ஈரமாக்குவது மறுபுறம். கூட்டுக்கு மேற்பக்கம் ஒரு கான் வெட்டி மழைநீரைத் திருப்பி விடுங்கள்.

முகப்பு கிழக்குப் பார்த்திருந்தால் காலை வெயில் நேரே உள்ளே விழும். மூடுபனி மாதங்களில் ஒரு மணி நேர வெயில் கிடைத்தாலும் அது கோழிக்கும் கூட்டுத் தரைக்கும் மருந்து. மேற்குச் சரிவில் இதில் சிக்கல் இல்லை. மழையும் காற்றும் பின்பக்கமாக வரும், அந்தப் பக்கத்தைப் பலகையால் அடைத்துவிடலாம். ஊவாவிலும் ராகலைப் பக்கத்திலும் வடகிழக்கு மழை முகப்பிலேயே அடிக்கும். அங்கே முகப்பைத் திருப்புவதைவிட, கூரையை முன்பக்கம் இரண்டரை அடி நீட்டிவிடுவது மேல். வெயில் தாழ்வாக நுழையும், சாரல் நுழையாது.

தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் குடியிருப்பவர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் குறைவு. காம்பராவுக்கு, அதாவது குடியிருக்கும் அறைக்கு, பின்னால் கிடைக்கும் ஆறடி இடத்தில்தான் எல்லாம். அப்படியானால் சுவரோடு ஒட்டாமல் ஒன்றரை அடி விட்டுக் கட்டுங்கள். லயத்துக் கூரை வடியும் நீர் கூட்டின் மேல் விழாதபடி ஒரு தகரப் பீலி வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கு நெடி போகாமல் இருப்பதும் முக்கியம். கோழியால் வந்த சண்டைகள் தோட்டத்தில் கொஞ்சநஞ்சமில்லை.

கூட்டைக் கட்டுதல்

பத்துக் கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் கொண்ட கூடு போதும். ஒரு கோழிக்கு ஏறத்தாழ இரண்டரைச் சதுர அடி வரும். அதோடு ஒட்டி, கூரை போட்டு வலையடித்த இன்னொரு 6 அடிச் சதுரத் தளம் இருந்தால் மழை நாட்களைத் தாங்கலாம். ஒரு வாரம் மழை விடாமல் பெய்யும்போது இரவுக்கூட்டிலேயே பகலும் அடைந்து கிடக்கும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். அந்தக் கூரையிட்ட தளத்தில் ஒரு கோவா இலைக்கட்டைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதைக் கொத்திப் பொழுதுபோக்கும்.

கூடு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால்களில் நிற்பது நல்லது. நம் தோட்டங்களில் பழைய வழக்கம், அடித்தளத்தை மூங்கில் பிளாச்சுகளால் இடைவெளி விட்டுக் கட்டுவது. எச்சம் கீழே விழும், துப்புரவு எளிது. ஆனால் காற்றும் கீழிருந்து நேரே கோழியின் வயிற்றில் அடிக்கும். பழைய கூட்டை மாற்ற வழியில்லாவிட்டால் காற்று வரும் பக்கத்துக் கால்களுக்கு இடையே உரப்பைகளைத் தைத்துத் தொங்கவிடுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் சிபாரிசு: இடைவெளியில்லாத பலகைத் தளம், அதன் மேல் மரச்சீவல் படுக்கை.

கூரைக்குத் தகரம்தான் எல்லோர் கைக்கும் எட்டும். அதன் குறை இரவில் தெரியும். பத்துக் கோழிகள் ஒரு நாளில் இரண்டு லீற்றருக்கும் மேல் நீர் குடிக்கின்றன. முட்டையில் போவது போக மிச்சமெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியேறுகிறது. அந்த ஈரம் நிறைந்த சூடான காற்று மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீர்த்துளியாகி, விடியும்வரை கோழியின் முதுகில் சொட்டும். மழை பெய்யாத இரவிலும் கூடு நனைவது இப்படித்தான். தகரத்துக்கு அடியில் நான்கு அங்குலம் விட்டு மூங்கில் தட்டி கட்டி, அதன் மேல் காய்ந்த மானாப்புல்லைப் பரப்புங்கள். புல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், குளிரையும் தடுக்கும். எலி குடியேறும் என்பதால் ஆண்டுக்கொரு முறை புல்லை மாற்ற வேண்டும்.

இனிக் காற்றோட்டம். குளிர் மாதம் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் வேலை, பொலித்தீன் தாளால் கூட்டை மேலிருந்து கீழ்வரை சுற்றிக் கட்டுவது. அன்பால் செய்வதுதான், கோழிக்கு அது மூச்சடைப்பு. உள்ளே எழும் ஈரமும் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயுவும் வெளியேற வழியில்லாமல் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில் சளிக்கிருமி குடியேறும். செய்ய வேண்டியது இது: கோழி உட்காரும் உயரத்துக்குக் கீழே நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் அடையுங்கள். கூரைக்குச் சற்றுக் கீழே, நீளமான இரண்டு பக்கங்களிலும் ஆறு அங்குல உயரத்துக்குக் கம்பிவலை மட்டும் அடித்துத் திறந்து விடுங்கள். அந்தத் திறப்பை எந்த மாதத்திலும் மூட வேண்டாம். சாரல் அடிக்குமானால் கூரையை நீட்டுங்கள், அல்லது திறப்புக்கு வெளியே சாய்வாக ஒரு பலகை வையுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. விடியற்காலை கதவைத் திறந்ததும் தலையைக் கோழி உட்காரும் உயரத்தில் உள்ளே நீட்டுங்கள். கண் கரித்தாலோ மூக்கில் நெடி ஏறினாலோ திறப்பு போதாது. தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் அப்போதும் போதாது.

உட்காரும் கொம்புக்கு இரும்புக் குழாயைப் பயன்படுத்த வேண்டாம். காலின் சூட்டை அது உறிஞ்சிவிடும். இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டம் போதும். தட்டையான பக்கம் மேலே இருந்தால் கோழி விரல்களை விரித்து உட்கார்ந்து நெஞ்சு இறகால் மூடிக்கொள்ளும். சவுக்கு மரத்துக் கிளையைச் சீவியும் செய்யலாம். கோழிக்கு 9 அங்குலம் என்று கணக்கிடுங்கள். கூட்டின் தளத்திலிருந்து இரண்டடி உயரம். எல்லாக் கொம்புகளும் ஒரே மட்டம். படிப்படியாக வைத்தால் மேல்கொம்புக்காக ஒவ்வொரு மாலையும் யுத்தம் நடக்கும்.

படுக்கை

மலைநாட்டில் உமி கிடைப்பது அரிது, கீழேயிருந்து வர வேண்டும். மர ஆலைகளிலும் தச்சுப்பட்டறைகளிலும் கிடைக்கும் மரச்சீவல் நல்லது. நுண்ணிய மரத்தூள் அவ்வளவு நல்லதில்லை; தூசி கிளம்பும், நனைந்தால் கட்டியாகிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் கோழியின் நுரையீரலைக் கெடுக்கும். மருந்தடித்த பலகையின் சீவலைத் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்து, ஆறு அங்குல ஆழத்துக்குப் பரப்புங்கள். மூன்று நாளுக்கொரு முறை கிளறி விடுங்கள். கையளவு தானியத்தைப் படுக்கையில் தூவினால் பாதி வேலையைக் கோழியே செய்யும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உதிர்ந்துபோனால் நல்ல படுக்கை. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. நனைந்த பகுதியை அள்ளி வெளியே போட்டுப் புதியதைப் போடுங்கள். ஈரப் படுக்கைமேல் சுண்ணாம்பு தூவும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கோழிகள் உள்ளே இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு எச்சத்தோடு சேர்ந்தால் அமோனியா நெடி இன்னும் கூடும். கூட்டை முழுக்கக் காலி செய்து கழுவும்போது தளத்துக்குச் சுண்ணாம்பு பூசலாம், அதுவே அதற்கான நேரம்.

படுக்கையை நனைப்பதில் மழைக்கு அடுத்த குற்றவாளி தண்ணீர்ப் பாத்திரம். அதைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி, முடிந்தால் கூட்டுக்கு வெளியே கூரையிட்ட தளத்தில் வையுங்கள். இரவில் கோழி நீர் குடிப்பதில்லை.

மழை நாட்களில் கோழிக்கு மண்குளியல் கிடைக்காது. பேனும், செள் எனும் சிற்றுண்ணியும் பெருகும். பழைய தகரப் பெட்டியில் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து கூரைக்குக் கீழே வையுங்கள். மிலாறு எனும் தேயிலைக் குச்சியை எரித்த சாம்பல் எல்லா வீட்டிலும் இருக்கிறதே. பிளாஸ்டிக் எரித்த அடுப்பின் சாம்பல் கூடாது. செந்நிறச் செள் பகலில் கொம்பின் விரிசலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். கொம்பின் முனைகளையும் அடிப்பக்கத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். கண்டால் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, காய்ந்ததும் வேப்பெண்ணெய் பூசுங்கள்.

தீனியும் நீரும்

முட்டையிடும் கலப்பினக் கோழிக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீனி தேவை. பத்துக் கோழிக்கு 1.2 கிலோ என்று வைத்தால் 25 கிலோ மூட்டை மூன்று வாரம் வரும். குளிர் மாதத்தில் இன்னும் சற்றுச் சீக்கிரம் தீரும். கோழி வீணாக்கவில்லை, உடலைச் சூடாக வைக்க எரிக்கிறது. தீனியைக் குறைத்துவிட்டு முட்டை குறைந்ததென்று கோழியைத் திட்டிப் பயனில்லை.

முட்டைத்தீனியில் புரதம் 16 முதல் 18 சதவீதமும் கல்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதமும் இருக்கும்படி தயாரிக்கிறார்கள். வீட்டில் மிஞ்சும் சோறு, குறுணல், தவிடு மட்டும் போட்டால் வயிறு நிறையும், முட்டை வராது. அவற்றைச் சேர்க்கலாம், ஆனால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வையுங்கள். கடையில் வாங்கும் தீனிக்குப் பணம் போதாதவர்கள் நாட்டுக்கோழியோடு நிற்பது நல்லது. அது தேயிலைக் கான்களிலும் கறித்தோட்டத்திலும் புழு பூச்சி தேடித் தன் பங்கைச் சம்பாதித்துக்கொள்ளும். கறித்தோட்டத்தில் பூச்சிமருந்தும் தேயிலை மலையில் களைநாசினியும் அடித்த நாட்களில் மட்டும் அடைத்து வையுங்கள்.

குளிர் இரவுகளுக்கு ஒரு பழக்கம்: மாலை அடையும் முன் ஒரு கோழிக்கு 15, 20 கிராம் அளவில் உடைத்த சோளம் போடுங்கள். இரைப்பை நிறைய இருக்கும் கோழி இரவெல்லாம் அதைச் செரித்துக்கொண்டு சூடாக இருக்கும். அளவு கூடினால் கோழி கொழுத்துப்போகும், புரதமும் குறைந்துவிடும்.

இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றுபோவதைக் கண்டு பதற வேண்டாம். இறகில் பெரும்பகுதி புரதம். அதைக் கட்டியெழுப்ப உடல் முட்டையை நிறுத்திவைக்கிறது. அந்த வாரங்களில் சோளத்தைக் குறைத்து, வேகவைத்த பருப்பு, நெத்தலித் தலை, அரைத்த கருவாட்டுத் துண்டு ஏதேனும் சிறிது சேருங்கள். கருவாட்டின் உப்பை நன்றாகக் கழுவிய பிறகே போட வேண்டும். அதிக உப்பு கோழிக்கு நஞ்சு.

தீனி மூட்டையைச் சிமெந்துத் தரையில் சாய்த்து வைப்பவர்கள் பாதியைப் பூஞ்சணத்துக்குக் கொடுக்கிறார்கள். பலகை மேல் வைத்து வாயை இறுக்கிக் கட்டுங்கள், அல்லது மூடியுள்ள வாளியில் கொட்டி வையுங்கள். மூடுபனிக் காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேமிக்க வேண்டாம். பூஞ்சணம் வாடை வந்த தீனியைக் காயவைத்துப் போடலாமா என்றால், கூடாது. நஞ்சு வெயிலில் போகாது.

நீர் உறையாவிட்டாலும், ஜனவரி விடியலில் பீலித் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். கோழி குறைவாகக் குடித்தால் குறைவாகத் தின்னும், முட்டை குறையும். காலையில் கை பொறுக்கும் சூட்டில் இளஞ்சூட்டு நீர் வைப்பது ஐந்து நிமிட வேலை.

விளக்குப் போட்டு முட்டையைக் கூட்டலாமா என்று கேட்பார்கள். நாட்டுக்கோழிக்கு அது வீண். கலப்பினக் கோழிக்கு நாளில் 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் பலன் தரும். அப்படிப் போடுவதானால் ஒரு சிறிய எல்ஈடி பல்ப்பை விடியலுக்கு முன் ஏற்றுங்கள். மாலையில் ஏற்றித் திடீரென்று அணைத்தால், கொம்பேறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே கிடந்து நனையும்.

குஞ்சுகள்

வளர்ந்த கோழிக்குச் சூடு வேண்டாம் என்று சொன்னதெல்லாம் குஞ்சுக்குப் பொருந்தாது. முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 பாகை தேவை. பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வந்து, ஆறாம் வாரத்தில் வெளிச்சூட்டுக்குப் பழக்கலாம். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகைதான், அங்கே இரண்டு வாரம் கூடுதலாகவே சூடு கொடுங்கள்.

இருபது குஞ்சுக்குப் பெரிய அட்டைப்பெட்டி, அதன் ஒரு மூலையில் பழைய வகை 60 வாட் பல்ப் போதும். எல்ஈடி பல்ப் சூடு தராது. பல்ப்பைக் கம்பியால் உறுதியாகக் கட்டுங்கள். படுக்கையில் விழுந்தால் தீப்பிடிக்கும், லயத்தில் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் ஆறுதலாகவும் இருக்கட்டும். குஞ்சுகள் பல்ப்புக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர்; தூரம் ஓடி வாய் பிளந்து இளைத்தால் சூடு அதிகம்; பரவலாக மேய்ந்து திரிந்தால் சரி.

மழைக்காலத்தில் மின்சாரம் போவதை எதிர்பார்த்தே இருங்கள். பிளாஸ்டிக் போத்தல்களில் சுடுநீர் நிரப்பி, துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேலே சாக்கை முக்கால் பங்கு மூடினால் சில மணித்தியாலம் தாங்கும். கரியடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கரிப்புகையின் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குஞ்சோடு மனிதரையும் கொல்லும்.

தாய்க்கோழி அடைகாத்துப் பொரிப்பதானால் 21 நாள் கணக்கை முன்கூட்டியே பாருங்கள். ஜூன் மாதம் மஸ்கெலியாவில் அடை வைத்தால் குஞ்சு ஜூலை மழைக்குள் கண் விழிக்கும். வேறு வழியில்லையென்றால் 12 முட்டைக்குப் பதில் 7, 8 மட்டும் வையுங்கள், எல்லாம் அவளது வயிற்றுச் சூட்டுக்குள் அடங்கும். பொரித்த பின் இரண்டு வாரமாவது தாயையும் குஞ்சுகளையும் நனைந்த புல்லில் விடாதீர்கள்.

நோய்

மூன்றைத் தெரிந்து வைத்தால் பெரும்பாலான இழப்பைத் தடுக்கலாம்.

ரானிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு லயத்துக் கோழிகள் முழுக்கவும் ஒரு வாரத்தில் போய்விடலாம். பச்சை கலந்த கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் இதன் அடையாளங்கள். மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு, குஞ்சின் முதல் வாரத்திலிருந்தே அவர்கள் தரும் அட்டவணைப்படி போடுங்கள். ஒரு புட்டி பல கோழிகளுக்கானது. பக்கத்து வீடுகளைச் சேர்த்து ஒரே நாளில் போடுவதுதான் சரி, அது தொற்றையும் தடுக்கும். அலுவலகத்திலிருந்து வீடுவரை ஐஸில் கொண்டுவர வேண்டும், கரைத்ததும் தாமதிக்காமல் போட வேண்டும்.

இரண்டாவது சளி. கண்ணில் நுரை, மூக்கில் வடிதல், இரவில் கரகரப்பு. கிருமிதான் காரணம், ஆனால் ஈரமும் நெடியும் உள்ள கூட்டில்தான் அது விடாப்பிடியாக நிற்கும். கூட்டைத் திருத்தாமல் மருந்து கொடுத்தால், மருந்து முடிந்ததும் சளி திரும்பும். நுண்ணுயிர் எதிர்ப்பு (அன்டிபயோட்டிக்) மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கித் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மிருக வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். அந்த நாட்களின் முட்டையை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்றும் கேளுங்கள்.

மூன்றாவது இரத்தக் கழிச்சல். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை ஈரப் படுக்கையில் பிடிக்கும். குஞ்சு குறுகி நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றைக்கே படுக்கையை மாற்றி வைத்தியரிடம் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குப் பாதிதான் இருக்கும்.

செத்த கோழியை ஓடையில் எறிவதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. கீழ்லயத்துக்காரர்கள் குடிப்பது அந்த நீரைத்தான். இரண்டடிக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதையுங்கள்.

இரவு விருந்தாளிகள்

மரநாய், கீரி, நரி, சாரைப்பாம்பு, எலி என்று பட்டியல் நீளும். காட்டோரத் தோட்டங்களில் சிறுத்தையும் உலாவும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், மரநாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த தடித்த கம்பிவலையைக் காற்றுத் திறப்புகளுக்கு அடியுங்கள். கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கொண்டி. திருட்டுக்குப் பயந்து கோழியை இரவில் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) பெட்டிக்குள் அடைப்பவர்கள், பெட்டியின் மேல்பாகத்தில் காற்றுத் துளைகள் போட்டு, அடியில் போடும் தாளைத் தினமும் மாற்றுங்கள்.

பனி விழும் வாரங்களில்

ஜனவரி, பெப்ரவரியில் பகல் வானம் துலக்கமாகி, மாலையில் காற்று அடங்கினால் அன்றிரவு பனி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை சோளத்தைச் சற்றுக் கூட்டுங்கள். கீழ்ப்பக்க அடைப்புக்கு வெளியே உரப்பைத் திரையை இறக்கிக் கட்டுங்கள். மேல் திறப்பைத் தொடவேண்டாம். எல்லாக் கோழியும் கொம்பில் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். காலையில் வெயில் ஏறிப் புல் காயும்வரை திறந்து விடாதீர்கள். எட்டரை, ஒன்பது மணியாகலாம். அதற்குள் இளஞ்சூட்டு நீரும் தீனியும் கூரைக்குக் கீழேயே கொடுங்கள். முட்டையை அடிக்கடி எடுத்துவிடுங்கள்.

கோழி எப்படியோ நனைந்துவிட்டால் துணியால் துடைத்து, குசினியில் அடுப்புக்கு மூன்று நான்கடி தள்ளிப் புகை படாத பக்கம் கூடையில் வைத்துக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே கூட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மார்ச்சில் வெயில் வந்ததும் படுக்கை முழுவதையும் அள்ளி, தளத்தைக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயப்போட்டுப் புதிதாகப் பரப்புங்கள். அள்ளியதை லீக்ஸுக்கும் கரட்டுக்கும் பச்சையாக இட்டால் நாற்றின் வேர் கருகும். பொலித்தீன் தாளால் மூடிக் குவித்து, இடையிடையே புரட்டி, மூன்று மாதம் கழித்து நெடி போன பிறகு பாத்திகளில் கலவுங்கள்.